ஃபவுல் சொல்லாதவர்கள்

ஜூன் 8, சனி

தாம்பெரே வந்து ஒரு வாரம் ஆகிறது. மாப்பிள்ளையை இன்றைக்குத்தான் கண்ணில் பார்த்தேன்.

வேலையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். சனி ஞாயிறு மட்டும் வந்து போவாராம். மாமியார்க்காரி கோவில்பட்டியிலிருந்து பின்லாந்து வரைக்கும் வந்திருக்கிறாள், விமான நிலையத்துக்கு வர ஒரு நாள் லீவு கிடைக்காதா? மகள் செண்பகத்திடம் கேட்டேன். இங்கெல்லாம் நினைத்தபோது லீவு எடுக்க முடியாது என்றாள். எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீஸில்கூட மாமியார் வந்தால் லீவு கொடுப்பான்.

இதில் இன்னொரு கூத்து. மாப்பிள்ளை இல்க்கா வந்து கதவைத் தட்டினார். சொந்த வீட்டுக் கதவை! நான்தான் திறந்தேன். "வணக்கம் அத்தை" என்று அழகாகத் தமிழில் சொன்னார். ஷூவைக் கழற்றி, வாசலைப் பார்க்கிற மாதிரி ஓரமாக வைத்தார். தோள்பையைக் கூடத்து மூலையில் வைத்தார், அதை அங்கிருந்து நகர்த்தவே இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாவற்றிலும் மரியாதை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தால்கூட நின்றுகொண்டே வருகிறார்கள். சொந்த வீட்டுக்குள் வரவும் அனுமதி கேட்பார்கள் போலிருக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது.

முக்கியமான விஷயத்தை இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அண்ணன் பேசிவிட்டார். செண்பகத்தைத் தன் மகன் மாரீஸ்வரனுக்குக் கொடுக்காமல் வெள்ளைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தேன் என்று அன்றைக்கு முறித்துக்கொண்டு போனவர், கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் தானாகவே போன் செய்தார். மாரீஸ்வரன் மகளுக்கு ஆவணியில் காதுகுத்து. "மகளையும் மருமகனையும் கூட்டிட்டு வா" என்றார். மருமகன் என்று அவர் வாயால் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் எழுந்து வந்திருக்கிறேன்!

டிக்கெட் போடுங்கள் என்றேன். செண்பகம் இல்க்காவைப் பார்த்தாள். இல்க்கா காபிக் கோப்பையைப் பார்த்தார். "பாக்கலாம்மா" என்றாள். என்ன பார்க்க வேண்டியிருக்கிறது?

ஜூன் 9, ஞாயிறு

டிக்கெட் பேச்சை எடுத்தேன். உடனே காரில் ஏற்றி ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

டிஸ்க் கால்ஃப் என்று ஒரு விளையாட்டு. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் வட்டு. காட்டுக்குள் அங்கங்கே கம்பம் நட்டு, அதில் கூடை வைத்து, கூடைக்கு மேலே சங்கிலிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வட்டை வீச வேண்டும், விழுந்த இடத்துக்கு நடக்க வேண்டும், அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடையில் போடுகிறவர் கெட்டிக்காரர். இப்படிப் பதினெட்டுக் கூடை. கல்யாணமான புதிதில் இந்த நாட்டில் எந்தெந்த ஆடுகளம் கண்ணுக்கு அழகு என்று விசாரித்து, ஒன்று விடாமல் ஆடிவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம். பாதிதான் முடிந்திருக்கிறதாம். மீதியை எனக்காக இந்தக் கோடையில் ஆடுகிறார்கள்.

அழகுக்குக் குறைவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது, பாறையெல்லாம் பாசி, வெள்ளை மரங்கள். கொசுவும் இருந்தது, அதை யாரும் போட்டோவில் காட்டுவதில்லை.

எனக்குப் பொறுக்க முடியாமல் போனது வேறு விஷயம். இந்த விளையாட்டில் அம்பயர் கிடையாது. கோவில்பட்டியில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். ஹாக்கியே மூச்சாக இருக்கிற ஊரில் விசில் ஊதியே காலத்தைக் கழித்தவள். அம்பயர் இல்லாமல் ஒரு ஆட்டமா? இல்க்கா பொறுமையாக விளக்கினார். கூட ஆடுகிறவர்களே ஃபவுல் சொல்ல வேண்டுமாம். காலைத் தப்பாக வைத்தால் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் செல்லாது. ஒருவர் சொன்னால் மட்டும் போதாது, கூட இருக்கிற இன்னொருவர் "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று சொன்னால்தான் அது ஃபவுல்.

அப்படியென்றால் யாரும் பார்க்காதது போல இருந்துவிட்டால் ஃபவுலே இல்லையா என்று கேட்டேன். "இல்லை, அத்தை" என்றார். நல்ல சட்டம்!

ஜூன் 12, புதன்

டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. சொன்னேன். காதில் விழவில்லை.

ஜூன் 15, சனி

இன்றைக்குப் பனிச்சறுக்கு மலை. கோடையில் பனி இல்லாததால் அங்கேயும் கூடை நட்டு வைத்திருக்கிறார்கள். உச்சியில் நின்று வீசினால் வட்டு பள்ளத்தாக்கு முழுக்க மிதந்து போகிறது. ஊரே காலடியில் தெரிந்தது, ஏரிகள் அங்கங்கே பளபளத்தன. என் முழங்காலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

கூடைக்குப் பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் வட்டை வீசிய பிறகு முன்னால் சாயக்கூடாது. நின்ற இடத்தில் நின்று காட்ட வேண்டும், பிறகுதான் கூடைப் பக்கம் நடக்கலாம். ஏழாவது கூடையில் செண்பகம் வீசினாள், சங்கிலி சலசலத்தது, அந்த வேகத்திலேயே இரண்டடி முன்னால் போய் விழுந்தாள். அப்பட்டமான ஃபவுல். இல்க்கா நேர் எதிரே நின்றிருந்தார். பார்த்தார். நான் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தார்.

ஆட்டத்தில் இல்லாதவள் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இடுப்பில் விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பேன்.

பதினொன்றாவது கூடையில் இல்க்கா அதே தப்பைச் செய்தார். செண்பகம் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தாள். இப்படி ஆடுவதற்கு வீட்டில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடலாம்.

சாயங்காலம் காபி போடப் போன மாப்பிள்ளை, சர்க்கரை எங்கே என்று என்னிடம் வந்து கேட்டார். வந்து இரண்டு வாரம் ஆன எனக்குத் தெரிகிறது, வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அடுப்படிப் பக்கமே போகாத ஆண்பிள்ளை எல்லா தேசத்திலும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 22, சனி

இன்றைக்கு இவர்களுக்குப் பெரிய பண்டிகை. கோடை நடுநாள். ஏரிக்கரையில் தீ மூட்டி, ஊரே சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. மேளம் இல்லை, பேச்சு இல்லை. ராத்திரி என்று ஒன்றும் கிடையாது.

காலையில் ஒரு ஆடுகளம் ஆனது. ஏரி நடுவே நீண்டு போகும் மண்திட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் பைன் மரங்கள். தண்ணீருக்கு மேலாக வட்டை வளைத்து வீசி இந்தப் பக்கம் திரும்ப வரவைக்க வேண்டும். செண்பகத்தின் வட்டு திரும்பி வராமல் ஏரியில் விழுந்தது. இல்க்கா முழங்கால் வரை இறங்கி எடுத்துக் கொடுத்தார். "கீத்தோஸ்" என்றாள். நன்றி என்று அர்த்தம். "பரவாயில்லை" என்றார். கட்டின புருஷனுக்கு நன்றி சொல்கிறாள்! நான் இவளை எப்படி வளர்த்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

படுக்கை விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். இந்த நாட்டில் புருஷன் பெண்டாட்டி ஒரே போர்வை போர்த்துவதில்லை, ஆளுக்கொரு போர்வை என்று செண்பகம் வந்த அன்றே சொன்னாள். சரி. ஆனால் இல்க்கா கூடத்து சோபாவில் படுக்கிறார். முதுகு வலியாம். முதுகு வலிக்காரன் மலை ஏறி வட்டு வீசுவானா? போர்வை வேறு, அறை வேறு. நாளைக்கு வீடு வேறு என்பார்கள், அதுவும் இந்த ஊர் வழக்கம் என்பார்கள், நானும் தலையை ஆட்ட வேண்டும்.

டிக்கெட்டைக் கேட்டு இன்றைக்குச் சண்டை போட்டேன். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். இல்க்காவுக்கு ஆவணியில் லீவு இல்லை என்றாள் செண்பகம். அவர் வாயால் சொல்லட்டும் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவள் பின்னிஷில் என்னவோ சொன்னாள், நிறுத்திக்கொண்டார். என் எதிரில் எனக்குப் புரியாத பாஷையில் பேசாதே என்று கத்திவிட்டேன். தீயைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 30, ஞாயிறு

கருங்கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட குவாரி ஒன்று. குழி முழுக்கப் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் செங்குத்துப் பாறை, பாறை விளிம்பில் கூடைகள். இதுவரை பார்த்ததிலேயே இதுதான் அழகு என்று செண்பகம் மூன்று தடவை சொன்னாள். நான் இடத்தைப் பார்க்கவில்லை. இவர்களைத்தான் பார்த்தேன்.

செண்பகம் காலைத் தப்பாக வைத்தாள். இல்க்கா சொல்லவில்லை. இல்க்கா வட்டு விழுந்த இடத்தில் வைத்த அடையாளத்தை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றார். இவள் சொல்லவில்லை. முன்னால் நடப்பவர் பின்னால் வருபவருக்காக முள்கிளையை ஒதுக்கிப் பிடிக்கிறார். பின்னால் வருபவர் நன்றி சொல்கிறார். அவர் வீசினால் இவள் "நல்ல வீச்சு" என்கிறாள். இவள் வீசினால் அவர் சொல்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் போல அவ்வளவு பதவிசு.

கல்யாணமான புதிதில் இதே இரண்டு பேர் கோவில்பட்டியில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் வட்டு வீசினார்கள். கூடைக்குப் பதில் தண்ணீர் டிரம். நீ கோட்டை மிதித்தாய், நீதான் மிதித்தாய் என்று அவள் தமிழிலும் அவர் பின்னிஷிலும் போட்ட கூச்சலில், வாட்ச்மேன் சண்டை என்று நினைத்து ஓடி வந்தார். நான் விசில் ஊதித்தான் பிரித்தேன். சாயங்காலம் வரை பேசவில்லை. சாப்பாட்டு இலையில் உட்கார்ந்ததும் அவளுடைய அப்பளத்தை அவர் நொறுக்கினார், அவள் அவர் பாயசத்தைப் பிடுங்கினாள். அன்றைக்குத்தான் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இது நிலைக்கும் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

குவாரியிலிருந்து திரும்பி வரும்போது டிக்கெட் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

மாவு புளிக்கவே இல்லை. இந்தக் குளிருக்கு அது எப்படிப் புளிக்கும். கொட்டிவிட்டேன்.

ஜூலை 3, புதன்

செண்பகம் வேலைக்குப் போன பிறகு வீட்டைப் பெருக்கினேன். துணி அலமாரியில் அவள் துணி மட்டும்தான் இருக்கிறது. குளியலறையில் ஒரு பிரஷ். வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒன்றுகூட இல்லை. இதெல்லாம் முதல் நாளிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. வேலை வேறு ஊரில் என்றால் சாமானும் அங்கேதான் இருக்கும். அப்படித்தான் இருக்கும்.

அண்ணன் போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜூலை 6, சனி

இந்த வாரம் இல்க்கா வரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பேன் என்று எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது, மதியம் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரி, பாத்திரம், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் தேய்த்தேன். கை எரிகிறது.

ஜூலை 13, சனி

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தீவு ஒன்றுக்குப் படகில் கூட்டிப் போனார்கள். கடைசி ஆடுகளம், அதனால் சிறந்ததை வைத்திருந்தார்களாம். தீவு முழுக்க ஒரே பாறை, பாறை இடுக்கில் ஊதாப் பூ. கடைசிக் கூடை தண்ணீரை ஒட்டி ஒரு பாறை முனையில் இருக்கிறது. அதற்கப்புறம் ஏரிதான், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை.

இந்தத் தடவை நானும் ஆடுகிறேன் என்றேன். இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். இல்க்கா லேசான வட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். என் வட்டு எங்கெங்கோ போனது. எனக்கு அது தேவையில்லை. ஆட்டத்தில் இருக்கிறவள்தான் ஃபவுல் சொல்லலாம், அதற்காகத்தான் ஆடினேன்.

கடைசிக் கூடை. செண்பகம் பத்து மீட்டருக்குள் நின்று வீசினாள். முன்னால் சாய்ந்து விழுந்தாள். இல்க்கா பார்த்தார், தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

"ஃபவுல்" என்றேன்.

செண்பகம் சிரித்தாள். ஆமாம்மா, கால் வழுக்கிவிட்டது என்றாள்.

"கால் இல்லட்டி. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இல்ல. அதச் சொல்றேன்."

நான் இல்க்காவிடம் திரும்பினேன். "நான் சொல்லிட்டேன். இன்னொருத்தர் சொன்னாத்தானே ஃபவுலு? சொல்லுங்க மாப்பிள்ளை. நீங்க பாக்கலையா?"

அவருக்குத் தமிழ் அவ்வளவு வேகமாகப் புரியாது. ஆனால் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. செண்பகத்தைப் பார்த்தார், அவள் தலையை அசைத்தாள், வேண்டாம் என்கிற மாதிரி. அவர் கையை மெல்ல உயர்த்தினார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"ஆமாம், அத்தை. நானும் பார்த்தேன்."

பிப்ரவரியிலேயே கோர்ட்டில் முடிந்துவிட்டதாம். அவருக்கு வேலை மாறவே இல்லை. இதே ஊரில், நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறார். வாரா வாரம் தோள்பையைத் தூக்கிக்கொண்டு என் மகள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக நடிக்க வந்திருக்கிறார். அவள்தான் கேட்டுக்கொண்டாளாம்.

நான் கத்தினேன். தீவில் வேறு யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கவலையும் இல்லை. ஏரி காட்டினீர்கள், மலை காட்டினீர்கள், குவாரி காட்டினீர்கள், அழகு அழகு என்று காட்டியே என் கண்ணை மறைத்தீர்கள் என்றேன். உங்கள் நாட்டு வழக்கம் என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் மண்டையை ஆட்டினேனே, உள்ளுக்குள் சிரித்தீர்களா என்று கேட்டேன். இல்க்கா "இல்லை, இல்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

செண்பகம் அழுதாள். மாமாவிடம் நீ அவ்வளவு சண்டை போட்டுக் கட்டிவைத்தாய், இப்போதுதான் அவர் கூப்பிட்டிருக்கிறார், உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன் என்றாள்.

"அப்படி என்னட்டி சண்டை உங்களுக்குள்ள?"

"சண்டையே இல்லம்மா. ரெண்டு வருஷமா ஒரு சண்டைகூட இல்ல. அதான்."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. சண்டை வந்து பிரிந்தால் பேசிச் சேர்த்து வைக்கலாம். சண்டையே இல்லாமல் பிரிந்தவர்களை எந்தப் பஞ்சாயத்தில் உட்கார வைப்பது? கையிலிருந்த வட்டை ஏரியைப் பார்த்து வீசினேன். இன்றைக்கு நான் வீசியதிலேயே நேராகப் போனது அதுதான். இல்க்கா அதை எடுக்க இறங்கப் போனார். விடுங்கள் என்றேன்.

படகில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஜூலை 14, ஞாயிறு

அண்ணனுக்கு நானே போன் செய்தேன். நான் சொல்கிறேன் என்று செண்பகம் போனைப் பிடுங்க வந்தாள். அவள் சொன்னால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். நான் கேட்பதாக இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த அதே வார்த்தை வந்தது. "நான் அன்னிக்கே சொன்னேன்ல கோமதி."

"நீங்க சொன்னது கல்யாணம் தப்புன்னு. நான் இப்பச் சொல்றது அவங்க பிரிஞ்சிட்டாங்கன்னு. ரெண்டும் வேற வேற அண்ணே. கல்யாணம் தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்லல."

போனை வைத்துவிட்டார். அடுப்படிக்குப் போய் உளுந்தை ஊறப்போட்டேன். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். காதுகுத்துக்கு நீயாவது வருவாயா என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. வருவேன், என் மகளும் வருவாள், பந்தியில் முதல் வரிசையில் உட்காருவோம், எவராவது வாயைத் திறந்தால் விசிலை எடுத்து ஊதுவேன் என்றேன்.

"நீ ஊதுவ" என்றார். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செண்பகத்துக்கு மட்டும் ஒரு டிக்கெட் போட்டாயிற்று. ஆவணியில் வந்துவிடுவாள். அவளோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவேன், இப்போது இல்லை.

ஜூலை 20, சனி

இன்றைக்கு மதியம் விமானம். பெட்டி இரண்டும் கட்டியாயிற்று. செண்பகம் போனில் டாக்ஸி சொல்ல அறைக்குள் போனாள். அப்போது கதவு தட்டும் சத்தம்.

இல்க்கா நின்றுகொண்டிருந்தார். தோள்பை இல்லை. இனிமேல் நடிக்க வேண்டியதில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் வந்திருக்கிறார். பெட்டி தூக்க ஆள் வேண்டாமா என்று கேட்டார். தரைவிரிப்பில் ஏறாமல் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. காபி குடிச்சிட்டுத் தூக்கலாம்."

செண்பகம் பின்னாலிருந்து, "அம்மா, இனிமே அப்படிக் கூப்பிடாதம்மா. அதான் முடிஞ்சிருச்சே" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"முடிச்சுக்கிட்டது நீங்க ரெண்டு பேரும். நீ கையெழுத்துப் போட்ட, அவரும் போட்டாரு. என்ன யாரு கேட்டா? நான் எதுலயும் கையெழுத்துப் போடல."

இல்க்கா ஷூவைக் கழற்றினார். இந்தத் தடவை அதை ஓரமாக அடுக்கி வைக்கவில்லை, கழற்றிய இடத்திலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அடுப்படிக்குப் போய், யாரையும் கேட்காமல் சர்க்கரை டப்பாவை எடுத்தார்.

காபி நன்றாக இல்லை. டிகாக்‌ஷன் தண்ணீராக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.